நனையாத பஞ்சு

இடுக்கியால் இழுத்தபோது பஞ்சு கறுப்பாக வந்தது. பாதியில் அறுந்தது. மீதி மின்சிகரெட்டின் காயிலுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்க, பிரிஹீரா ஊசி முனையால் அதைச் சுரண்டினாள்.

"போச்சா?" என்றான் தம்பி எருவேரா. கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டியில் உட்கார்ந்து இடது காலை நீட்டியிருந்தான்.

"எரிச்சு வச்சிருக்க. மூணு நாளா வாயை விட்டு எடுத்தியா நீ?"

"மூணு நாளா சாவுல உக்காந்திருக்கேன் அக்கா. வேற எதை வாயில வைக்கறது?"

அவள் காயில் உருளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிசு. உள்ளே முடி போன்ற கம்பிச் சுருள், அதைச் சுற்றிப் பஞ்சு. வேப் என்கிற மின்சிகரெட்டின் உயிர் அவ்வளவுதான். பஞ்சு திரவத்தைக் குடிக்க வேண்டும், கம்பி அதைச் சூடாக்கிப் புகையாக்க வேண்டும். எருவேரா வாங்கும் திரவம் பாகு மாதிரி இனிப்பு. இனிப்பு கம்பியில் படிந்து கருகும். அதன் மேல் இவன் விடாமல் இழுத்திருக்கிறான்.

பிக்கப் வண்டியின் பின்கதவைத் திறந்து அதையே மேசையாக்கியிருந்தாள். குலத்தின் பொது வளாகமான மராயேயின் சமையல்கட்டில் நல்ல வெளிச்சமும் நீளமான மேசையும் உண்டு. ஆனால் வாயோடும் உடம்போடும் புழங்கும் எதையும் சமைக்கும் இடத்துக்குக் கொண்டுபோவது அங்கே தீட்டு. வெந்நீர் கேட்டபோது சமையலை நடத்தும் ருயிஹி ஒரு பழைய தகர டப்பாவில் ஊற்றி வாசலுக்கு வெளியே வைத்தாள்.

"இந்த டப்பா திரும்பி உள்ள வரக்கூடாது, சொல்லிட்டேன்."

"வராது சித்தி."

"உன் தம்பிக்கு வாயில சப்பற ரப்பர் காம்பு ஏதாவது குடு. குழந்தைங்க எல்லாம் அதுலதான் சும்மா இருக்கு."

முதலுதவிப் பெட்டியிலிருந்து எடுத்த பஞ்சை அந்த வெந்நீரில் ஊறப் போட்டாள். கடைப் பஞ்சில் ஏதோ ஒரு வழவழப்பு இருக்கும். அது போகாவிட்டால் திரவம் ஏறாது.

இறைச்சி ஆலையில் எலும்பு நீக்கும் வரிசையில் இருபத்தாறு வருடம் நின்றவள் பிரிஹீரா. ஏழு வருடத்துக்கு முன் சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறினாள். மாறிய மாதமே அது ஒழுகியது. கடை ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருந்ததால் தானே பிரித்துப் பார்த்தாள். உள்ளே ஒரு ரப்பர் வளையம் மடங்கியிருந்தது. அதன் பிறகு பத்து மணி இடைவேளையில் அவள் மேசைக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒழுகுவது, இழுத்தால் களகளவென்று சத்தம் போடுவது, பொத்தானை அழுத்தினால் கண் சிமிட்டி அணைந்துபோவது. ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் இடுக்கி, பழைய பல் துலக்கி, ஸ்பிரிட், விதவிதமான வளையங்கள் வைத்திருந்தாள். பாதிக் கோளாறு வெறும் பிசுக்கு. பேட்டரி தொடும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்தால் தீர்ந்தது. பேட்டரியின் உறை கிழிந்திருந்தால் மட்டும், வெடித்துவிடும் என்று கை வைக்க மாட்டாள்.

"இதைக் கால்சட்டைப் பையில வச்சுக்கிட்டா திரியற? பிள்ளைங்க எல்லாம் பெத்து முடிச்சாச்சா?" என்று எல்லார் முன்னாலும் கேட்பாள். கேட்டவன் பேட்டரியைத் தூக்கிப் போடுவான். அடுத்த வாரம் அவள் மேசையில் புகைபோட்ட விலாங்கு மீன் ஒன்று காகிதத்தில் சுற்றிக் கிடக்கும்.

எருவேராவின் காலில் ரத்தக்குழாய் அடைத்திருந்தது. மூன்று மாதம் சிகரெட் தொடாமல் வந்தால் அறுவை செய்து காலைக் காப்பாற்றிப் பார்க்கலாம், இல்லாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவரும் என்றார் டாக்டர். அதுவரை வேப் பரவாயில்லை என்றாள் நர்ஸ். துணைக்கு நானும் விடுகிறேன் என்று சொன்னவன் பெரியப்பா மகன் பாவோரா. இரண்டு பேரும் ஒரே நாளில் ஒரே கடையில் ஒரே மாதிரி வேப் வாங்கினார்கள். எருவேரா வீட்டு நாட்காட்டியில் நாட்களை எண்ணி எழுதி வந்தான்; இன்று நாற்பத்து மூன்றாவது நாள். செவ்வாய்க்கிழமை காட்டில் பாவோரா வெட்டிய மரம் தவறான பக்கம், அவன் மேலேயே சாய்ந்தது. இப்போது அவன் பெரிய கூடத்தில், மூடி திறந்த சவப்பெட்டிக்குள் இருந்தான்.

எருவேராவிடம் இருந்த கடைசி மாற்றுக் காயிலும் தீர்ந்துவிட்டது. மலை சரிந்து, கடை இருக்கும் கிஸ்பர்ன் நகருக்குப் போகும் சாலை ஐந்து நாளாக மூடிக் கிடந்தது.

பெரிய கூடத்திலிருந்து ஒருவர் வந்து பிரிஹீராவைக் கூப்பிட்டார். எருவேராவும் நொண்டிக்கொண்டே பின்னால் வந்தான். பாவோராவின் மனைவி கராரைனா பெட்டியருகே பாயில் உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாக அவள் அங்கிருந்து நகரவில்லை. துக்கத்துக்குத் தலையில் சுற்றிய இலை வாடியிருந்தது. மடியிலிருந்து பாவோராவின் வேப்பை எடுத்து நீட்டினாள்.

"நாளைக்கு இதை அவர் கூடவே வச்சிரணும் பிரி. பேட்டரியோட மண்ணுக்குள்ள வைக்கலாமா?"

"வேண்டாம் அண்ணி. கழட்டிடறேன்."

பேட்டரி எளிதாக வந்தது. டேங்கில் திரவம் கொஞ்சம் மீந்திருந்தது. அது ஒழுகி அவன் சட்டையை நனைக்கும் என்று டேங்கையும் பிரித்தாள். உள்ளே பஞ்சு வெள்ளையாக இருந்தது. இறப்பதற்கு முந்தின நாள் மாற்றியிருப்பான். எருவேராவுடையதில் பொருந்தும் அதே காயில்.

எருவேரா அவள் தோளுக்கு மேலாக அதைப் பார்த்துவிட்டான்.

"அக்கா. அது புதுசு."

"அண்ணனோடது."

"அண்ணன் இருந்தா அவரே கழட்டிக் குடுத்திருப்பாரு."

"இருந்தா."

அவன் பெட்டிக்குள் குனிந்தான். "அண்ணே, நீங்களே சொல்லுங்க இவகிட்ட. என்னை மாட்டிவிட்டுட்டு நீங்க படுத்துக்கிட்டீங்க. ஒண்ணா விடலாம்னு சொன்னது யாரு?"

கராரைனா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எடுத்துக்க பிரி. அவன் காலுக்கு ஆகும்னா எடுத்துக்க. இவர் ஒண்ணும் சொல்ல மாட்டார்."

பிரிஹீராவின் விரல்களுக்கு நடுவே காயில் இருந்தது. திருகினால் மூன்று சுற்று. பாவோராவின் கைகளை அவள் பார்த்தாள். கழுவி, நகமெல்லாம் வெட்டிச் சுத்தமாக இருந்தன. உயிரோடு இருந்தபோது அப்படி இருந்ததே இல்லை.

"வாயில வைக்கற சாமான் அண்ணி," என்றாள். "செத்தவர் வாயில இருந்ததை இவன் வாயில நான் எப்படி வைப்பேன்?"

டேங்கைக் காலி செய்து துடைத்து, காயிலை அதன் இடத்திலேயே வைத்துத் திருகினாள். பேட்டரியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். வேப் கராரைனாவின் மடிக்குத் திரும்பியது.

வெளியே வந்ததும் இருவரும் தண்ணீர்த் தொட்டிக் குழாயில் கை கழுவித் தலையில் தெளித்துக்கொண்டார்கள். வண்டியில் அவள் பஞ்சைப் பிழிந்து, உலர்த்தி, மீசை நுனி போல முறுக்கினாள். கம்பிக்குள் இழுத்தாள். இறுக்கினால் திரவம் ஏறாது, தளர்ந்தால் ஒழுகும். மூன்றாவது தடவை சரியாக உட்கார்ந்தது. நான்கு துளி பஞ்சில் விட்டு, டேங்கை நிரப்பி மூடினாள்.

"கால் மணி நேரம் தொடாத. நல்லா ஊறட்டும். வறண்ட பஞ்சுல இழுத்தா ஒரே இழுப்புல முடிஞ்சிரும். எங்கிட்ட வேற பஞ்சும் இல்ல."

"சரி."

"மணி பாத்துக்க. ரெண்டு நாப்பது."

அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தொட்டிக்குப் பின்னால் புகைத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவன், "என்ன எருவேரா, புல்லாங்குழல் கச்சேரி இன்னைக்கு இல்லையா?" என்றான். எருவேரா மணியைப் பார்த்தான்.

அப்போது வாசலில், துக்கத்துக்கு வருகிறவர்களை வரவேற்கும் பெண்களின் அழைப்புக் குரல் எழுந்தது. வடக்குக் கடற்கரைச் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். ராத்திரிதான் வருவார்கள் என்று எதிர்பார்த்தது. வருகிறவர்களுக்கு எழுந்து நின்று பதில் பேச இந்தக் குடும்பத்தில் இருந்தது பாவோராவும் எருவேராவும். இப்போது எருவேரா மட்டும்.

அவன் எழுந்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். பிரிஹீரா ஐஸ்கிரீம் டப்பாவை மூடத் திரும்பிய நேரத்தில் வேப்பை வாயில் வைத்து ஆழமாக இழுத்தான். இருமல் சத்தம் கேட்டு அவள் திரும்பியபோது கருகிய துணி வாடை அவளுக்கும் வந்தது.

மணி இரண்டு நாற்பத்தாறு.

"எருவேரா."

"பேசணும்ல அக்கா," என்றான். கண்ணில் நீர் வந்திருந்தது. வேப்பை வண்டியில் வைத்துவிட்டுத் தொட்டிப் பக்கம் போனான். அவள் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் குரல் முற்றத்திலிருந்து கேட்டது. தடுமாறாமல், உடையாமல், ரொம்ப நேரம் பேசினான்.

மறுநாள் காலை பெட்டியை மூடினார்கள். பேட்டரி இல்லாத வேப் பாவோராவின் வலது கைப்பக்கம் இருந்தது. பதினோரு மணிக்கு அடக்கம். இடுகாட்டு வாசலில் எல்லோரும் கை கழுவினார்கள். சாப்பாட்டுக்குப் பன்றி எலும்பும் கீரையும், பொரித்த ரொட்டியும். ருயிஹி தகர டப்பாவைக் குப்பையில் போட்டாள். இரண்டு மணிக்குச் சாலையில் ஒரு பக்கம் மட்டும் திறந்தார்கள். பிரிஹீரா எருவேராவை ஏற்றிக்கொண்டு கிஸ்பர்ன் போய் ஐந்து காயில் வாங்கினாள். திரும்பும் வழியில் வண்டியை ஓரம் கட்டி ஒன்றை மாட்டினாள். கால் மணி நேரம் இருவரும் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முந்தின நாள் பாதி சிகரெட் குடித்ததாக எருவேரா சொன்னான். திங்கட்கிழமை நர்ஸிடமும் சொல்லிவிடுவதாகச் சொன்னான். வீட்டுக்கு வந்ததும் நாட்காட்டியில் அன்றைய தேதிக்குக் கீழே மறுபடியும் ஒன்று என்று எழுதினான்.