கழிவுப் பஞ்சின் நீளம்

தொண்ணூறுகளில், ராஜபாளையம் நூல் ஆலையொன்றுக்குக் கழிவுப் பஞ்சை மறுபடி நூலாக்கும் ஆய்வுக்காகக் கல்லூரியிலிருந்து போயிருந்தோம். வெளிச்சத்துக்கே மூச்சுமுட்டும் ஜன்னலில்லாத கோடவுன். அங்கே புருவமெல்லாம் பஞ்சு படிந்த ஓர் அம்மா கழிவைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். இழைகளை உருவி, தன் கறுத்த முன்கையில் நீட்டிவைத்தே, விரலகலக் கணக்கில் நீளம் சொல்வார்.

“இது நூலாகுமாக்கா?”

“நல்லா ஆவும். ஒண்ணரை வெரக்கடை இருக்குல்லா?” என்று சிரித்தார். “அம்புட்டும் மிஷினுக்கே திரும்பிட்டா, பிரிக்க நான் எதுக்கு சார்?”

என் குறிப்பேட்டில் முக்கால் விரற்கடை என்று எழுதினேன். அவ்வளவு குட்டைப் பஞ்சு நூலுக்கு ஆகாது. அவர் வேலையும் போகாது.

“எழுதுனத வாசிங்க.”

வாசித்தேன்.

“ஏன் கொறச்சீக?”

“உங்க வேலைக்காகத்தாங்க்கா...”

“அதுக்கு? எங் கை பொய் சொல்லுச்சுன்னு ஆயிருமே.”

நான் அடித்துத் திருத்தும்வரை அந்த அம்மா அடுத்த பிடிப் பஞ்சைத் தொடவே இல்லை.