இரண்டாவது அருச்சனை

கலாதேவிக்கு அரசியல் தெரியாது என்று அவளுடைய கணவர் இராசலிங்கம் கலியாணம் கட்டிய நாளிலிருந்து சொல்லி வருகிறார். தனக்கு அது கரைத்துக் குடித்த பாடம் என்பது அவருடைய எண்ணம். ஜெர்மனியின் எசன் நகரத்தில் தமிழர் கூட்டம் எது நடந்தாலும் முன்வரிசையில் அவருக்கு ஒரு கதிரை கிடக்கும். கலாதேவி மண்டபத்தின் பின்பக்கம் நின்று தேநீர் ஊற்றுவாள். என்னைக் கேட்டால் அந்த வீட்டில் அரசியல் தெரிந்தவள் தேநீர் ஊற்றியவள்தான். ஆனால் என்னை யார் கேட்கிறார்கள்?

அவளும் நானும் ஒரே வைத்தியசாலையின் சமையலறையில் வேலை செய்கிறோம். நீளமான பெல்ட் ஒன்றில் நோயாளிகளின் தட்டுகள் வரிசையாக வரும். ஆளுக்கு ஒரு பொருள். நான் பாண் வைப்பேன், அவள் சூப் ஊற்றுவாள். அவள் ஊற்றும்போது ஒரு சொட்டு வெளியே சிந்தாது. ஆள் சின்ன உருவம், குரல் அதைவிடச் சின்னது. யார் என்ன சொன்னாலும் "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டு போவாள். இது ஒரு பாவம் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், அவளுடைய தம்பியின் கதையைக் கேட்கும்வரை.

தம்பியின் பெயர் இளங்கீரன். வன்னியில் கடைசிச் சண்டை நடந்த காலத்தில் அவன் குடும்பத்தோடு உள்ளே அகப்பட்டிருந்தான். ஒருநாள் எப்படியோ ஒரு தொலைபேசி கிடைத்து அக்காவோடு பேசினான். சாப்பாடு இல்லை, மருந்து இல்லை என்று அழவில்லையாம். "அக்கா, வெண்டாலும் தோத்தாலும் காரியமில்லை. ஆரிட்டையாவது சொல்லி இதை நிப்பாட்டச் சொல்லுங்கோ" என்று மட்டும் சொன்னானாம். கலாதேவி அந்த வார்த்தையைத் தூக்கிக்கொண்டு நேரே மண்டபத்துக்குப் போனாள். வாழ்நாளில் முதல்தடவையாக மேடையேறி, தம்பி சொன்னதை அப்படியே ஒலிவாங்கியில் சொன்னாள். தோற்றாலும் காரியமில்லை என்ற பேச்சே அந்த மண்டபத்தில் குற்றம். ஒருவர் ஒலிவாங்கியைப் பறித்தார். இன்னொருவர் "துரோகி" என்று கத்தினார். முன்வரிசையிலிருந்து இராசலிங்கம் எழும்பி வந்து, அவளுடைய கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். அடுத்த மாதம் இளங்கீரன் இல்லை. உடல்கூடக் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இந்தப் பேச்சு எழுந்ததில்லை. கலாதேவி மறுபடியும் தேநீர் ஊற்றப் போனாள். நானென்றால் அந்தக் கேத்தலை அவர்களுடைய தலையில் கவிழ்த்திருப்பேன்.

உக்ரைனில் போர் தொடங்கிய வருடம் எங்கள் சமையலறைக்கு ஹலினா வந்தாள். ஐம்பது வயது தாண்டியவள், கணவன் இல்லை, ஊரில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவள். அவளுடைய ஊர் இப்போது எதிரியின் கையில். ஒரே மகன் தராஸ் இராணுவத்தில் போர்முனையில் நிற்கிறான். ஜெர்மன் மொழி அவளுக்கு அரைகுறை, கலாதேவிக்கு முக்கால்குறை. இருந்தும் அந்த இருவரும் பேசிக்கொண்டதைப்போல இந்தச் சமையலறையில் வேறு யாரும் பேசவில்லை. தம்பி கடைசியாகக் கேட்டதையும் கலாதேவி அவளுக்குச் சொல்லியிருந்தாள். ஹலினாவின் முகத்தை முதல் நாள் பார்த்ததுமே கலாதேவி என்னிடம் சொன்னாள்: "சுபானியக்கா, இவ போன் வருமெண்டு பாத்துக்கொண்டிருக்கிற ஆள்."

வேலை நேரத்தில் எங்களுக்குத் தொலைபேசி தடை. ஹலினாவின் சட்டைப்பையில் அது துடிக்கும்போதெல்லாம் கலாதேவி ஒரு கையால் சூப்பும் மறுகையால் ஹலினாவின் பங்கான பழக்கிண்ணமும் வைத்துச் சமாளிப்பாள். அதற்குள் ஹலினா குளிர்அறைக்குப் போய் மகனோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவாள். வந்து பெருவிரலை உயர்த்திக் காட்டினால் கலாதேவியின் முகம் மலரும். தன் மகள் பரீட்சையில் தேறியதற்குக்கூட அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இவள் இடியப்பமும் சொதியும் கொண்டு வருவாள். அவள் உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை கொண்டு வருவாள். இடையில் இருந்து இரண்டையும் தின்று கொழுத்தவள் நான்.

வெள்ளிக்கிழமைகளில் என்னுடைய காரில் மூவரும் அம்மன் கோயிலுக்குப் போவோம். பழைய களஞ்சியக் கட்டடம் ஒன்றைக் கோயிலாக்கி வைத்திருக்கிறார்கள். கலாதேவி தராஸின் பிறந்த திகதியையும் நேரத்தையும் ஹலினாவிடம் கேட்டு, ஐயரைப் பஞ்சாங்கம் பார்க்கச் சொல்லி, நட்சத்திரம் சுவாதி என்று கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து கிழமை தவறாமல் அவனுடைய பெயருக்கு அருச்சனை. ஐயர் மந்திரத்தின் நடுவில் "தராஸ் நாமதேயஸ்ய" என்று இழுக்கும்போது ஹலினா கண்ணை மூடித் தன் முறைப்படி சிலுவை போட்டுக்கொள்வாள். அம்மனும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டியில் அமெரிக்கத் தேர்தல் வந்து மோதியது. அங்கே ஒரு வேட்பாளர், தான் சனாதிபதியாக வந்தால் இந்த இழுபட்ட போரை உடனே நிறுத்திக் காட்டுவேன் என்று மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. உலகத்தில் அது தெரியாத ஆளும் இல்லை.

ஒரு ஞாயிறு நான் அவர்களுடைய வீட்டில் இருந்தபோது தொலைக்காட்சியில் அவர் பேசினார். இராசலிங்கம் தொடையில் அடித்துச் சொன்னார்:

"உவன் நிப்பாட்டுறதெண்டால் அடிச்சவனுக்குக் காணியை எழுதிக் குடுக்கிறதெண்டு அர்த்தம். எங்களுக்கும் சமாதானம் எண்டு சொல்லித்தானே வந்தவங்கள்? என்ன நடந்தது?"

"காணி கிடக்கட்டும்" என்றாள் கலாதேவி. "அந்தப் பெடியன் தாயிட்டை வருவான் எல்லே?"

"இஞ்சை பார், உனக்கு அரசியல் விளங்காது."

"ஓம், எனக்கு விளங்காது. நிப்பாட்டுறன் எண்டு வாயாலை சொல்லுறது அந்த ஒரு மனிசன்தான். அது எனக்கு விளங்குது. எங்களுக்கு அப்பிடிச் சொல்ல ஒருத்தரும் இருக்கேல்லை."

அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். பதினைந்து வருடத்துக்குப் பிறகு அவள் முதல்தடவையாக அந்தக் கதவைத் திறந்தாள், மனிதர் தொலைக்காட்சியால் அடைத்துவிட்டார். ஹலினாவும் இந்த விடயத்தில் இராசலிங்கத்தின் பக்கம். அந்த வேட்பாளரின் முகம் திரையில் வந்தாலே எழுந்து போய்விடுவாள். கலாதேவிக்கு அதுவும் தெரியும். ஆகவே ஹலினாவின் முன்னால் அவள் வாயைத் திறக்கவில்லை. அம்மனிடம் சொன்னால் போதும் என்று நினைத்துவிட்டாள்.

தேர்தலுக்கு முந்திய வெள்ளிக்கிழமை. வழக்கம்போல மூவரும் சந்நிதியில் நின்றோம். கலாதேவி இரண்டு அருச்சனைச் சிட்டை வாங்கியதை நான் கவனித்தேன். மற்றது மகளுக்காக்கும் என்று இருந்துவிட்டேன். ஐயர் தராஸின் பெயரைச் சொல்லி முடித்து, இரண்டாவது சிட்டையைக் கையில் எடுத்து ஒருதரம் உற்றுப் பார்த்தார்.

"நட்சத்திரம்?"

"தெரியாது ஐயா. பேரை மட்டும் சொல்லிச் செய்யுங்கோ."

ஐயரும் நல்ல மனிதர். கேள்வி கேட்கவில்லை. கணீரென்று தொடங்கினார். ஹலினாவுக்கு ஒன்றும் புரியாத அந்தச் சமஸ்கிருதத்தின் நடுவில், அவளுக்கு மிக நன்றாகத் தெரிந்த அந்த ஒரு பெயர், முதற்பெயரும் குடும்பப்பெயருமாக, மணிச்சத்தத்தோடு வந்து விழுந்தது. மந்திரத்துக்குள் போட்டுவிட்டால் எந்தப் பெயரும் மந்திரமாகிவிடும் என்று கலாதேவி நம்பியிருந்தாளாம். பிறகு என்னிடம் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது, உண்மை. ஆனால் ஹலினாவின் முகத்தைக் கண்டதும் அது போய்விட்டது.

கார் நிறுத்துமிடத்தில் வைத்து அவள் கேட்டாள். "என் மகனின் பெயருக்குப் பக்கத்தில் அந்த ஆளின் பெயரையா வைத்தாய்?"

"போர் நிற்கட்டும் என்றுதான் ஹலினா. வேறு ஒன்றும் இல்லை."

"எங்கே நிற்கும்? என் வீட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கும். என் வீடு அவர்களிடம் போய்விடும். என் கணவனைப் புதைத்த இடமும் போய்விடும்."

"போகட்டும். தராஸ் வருவான்."

"தராஸ் அந்த வீட்டுக்காகத்தான் பதுங்குகுழிக்குள் கிடக்கிறான்! விட்டுவிட்டு வா என்றால் இத்தனை நாள் எதற்காகக் கிடந்தான்? அவனோடு நின்று செத்த பிள்ளைகள் எதற்காகச் செத்தார்கள்? நீ யாருடைய பக்கம்?"

கலாதேவிக்கு மேலும் சொல்ல ஜெர்மன் போதவில்லை. "தராஸின் பக்கம்" என்று மட்டும் சொன்னாள். ஹலினா காரில் ஏறவில்லை. மழைக்குள் நிலையத்துக்கு நடந்துபோய் ரயிலில் வீடு சேர்ந்தாள். அடுத்த கிழமை மேலாளரிடம் கேட்டுத் தட்டுக் கழுவும் பகுதிக்கு மாறிப் போனாள். அங்கே ஒரே ஆவியும் இரைச்சலும். யாரோடும் பேசத் தேவையில்லை.

அந்த வேட்பாளர் வென்றார். "உன்ரை ஆள் வெண்டிட்டான், கேக் வெட்டு" என்றாராம் இராசலிங்கம். கலாதேவி கேக் வெட்டவில்லை. செய்தி பார்க்கத் தொடங்கினாள். முன்பு சீரியலைத் தவிர வேறெதுவும் பார்க்காதவள், எந்தத் தலைவர் எந்த விமானத்தில் ஏறினார், யார் யாருக்குக் கை கொடுத்தார் என்று காலையில் பெல்ட் ஓடத் தொடங்க முன்னரே எனக்கு ஒப்பிப்பாள். பேசுகிறார்கள், பேசப்போகிறார்கள், பேசி முடித்துவிட்டார்கள். நத்தார்ப் பண்டிகை போனது, பொங்கல் போனது, போர் மட்டும் போகவில்லை. சமையலறையின் மறுகோடியில் ஹலினாவின் சட்டைப்பை துடிக்கும்போது கலாதேவியின் கை தன்னையறியாமல் ஒரு கணம் நிற்கும். ஹலினா திரும்பி வந்து யாருக்கும் பெருவிரல் காட்டுவதில்லை. மகன் சுகமாக இருக்கிறான் என்பதை அவளுடைய நடையைப் பார்த்தே இவள் அறிந்துகொள்வாள்.

வசந்தம் தொடங்கிய நேரம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில், கழுவும் பகுதியிலிருந்து பெரிய சத்தம். தட்டுகள் விழுந்திருந்தன. ஹலினா தொலைபேசியை நெஞ்சோடு பிடித்தபடி ஈர நிலத்தில் இருந்தாள். தராஸ் போய்விட்டான். ட்ரோன் ஒன்று. நான் பெல்ட்டை நிறுத்தினேன். கலாதேவி ஓடினாள், அவள் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். பாதித் தூரம் போகும்போது ஹலினா நிலத்தில் இருந்தபடியே உள்ளங்கையை உயர்த்தி, வராதே என்று காட்டினாள். கலாதேவி நின்ற இடத்திலேயே நின்றாள். வேறு யார் யாரோ போய் ஹலினாவைத் தூக்கினார்கள்.

செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது, அயல்தான் சமைத்துக் கொடுக்க வேண்டும். இது எங்களுடைய வழக்கம், ஹலினாவின் வழக்கம் அல்ல. அதைச் சொன்னால் கலாதேவி கேட்கிற ஆளா? சனிக்கிழமை அவளுடைய வீட்டுக்குப் போனபோது சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் தயார். இராசலிங்கம் குசினியில் பழைய பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு வெங்காயத் தோல்களைக் கூட்டிக்கொண்டிருந்தார். தம்பதிகளாக அவர்கள் சமைத்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

"நானும் வரட்டோ?" என்று கேட்டார்.

"வேண்டாம். நீங்கள் நில்லுங்கோ" என்றாள்.

ஹலினா நகரத்தின் வடக்கே மூன்றாம் மாடியில் ஓர் அறையில் இருந்தாள். கலாதேவி சோற்றுப் பாத்திரத்தோடு முன்னால் ஏறினாள், நான் கறிகளோடு பின்னால். ஹலினா கதவைத் திறந்தாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

"எனக்கு உன்மேல் கோபம் இல்லை, கலா" என்றாள். "கோபம் இருந்தால் நல்லாயிருக்கும். உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு ஒரு கேள்வி வருகிறது. முதலிலேயே நிறுத்தியிருந்தால், வீட்டையும் ஊரையும் கொடுத்தாவது நிறுத்தியிருந்தால், அவன் இருந்திருப்பானா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு என்னால் உயிரோடு இருக்க முடியாது. அதனால் வராதே. தயவுசெய்து இனி வராதே."

கலாதேவி, சூப் ஊற்றும் அதே நிதானத்தோடு, ஒவ்வொரு ஜெர்மன் சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள்.

"நீதான் சரி. நான் பிழை. நிறுத்தியிருந்தாலும் அவர்கள் விட்டிருக்க மாட்டார்கள். பிறகும் வந்திருப்பார்கள். தராஸ் நின்றதுதான் சரி."

"உண்மையாகவா சொல்கிறாய்?"

"உண்மையாக."

"அப்படியென்றால் உன் தம்பி? அவன் நிறுத்தச் சொல்லித்தானே உன்னிடம் கேட்டான்?"

இதை ஹலினா குத்திக்காட்டக் கேட்கவில்லை. தண்ணீரில் தாழ்கிறவள் எதையாவது பிடிக்கத் தேடுவதுபோலக் கேட்டாள். கலாதேவி பாத்திரத்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினாள்.

"அவனும் பிழை" என்றாள். "அவனுக்குப் பயம். பயத்தில் கேட்டான். அவ்வளவுதான்."

ஹலினா தலையை ஆட்டினாள். சோற்றுப் பாத்திரத்தை வாங்கினாள், என்னிடமிருந்து கறிகளையும் வாங்கினாள். பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

இரண்டாம் மாடிவரை கலாதேவி நன்றாகத்தான் இறங்கினாள். அங்கே படியில் அப்படியே இருந்துவிட்டாள். யாரோ ஒரு வீட்டுக்காரர் எங்களைப் பார்த்து வணக்கம் சொல்லி, ஒதுங்கி ஏறிப் போனார். நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவள் அழுகிறாள் என்பது தோள் ஆடியதால்தான் தெரிந்தது.

"அவன் பயந்தவன் இல்லை, அக்கா" என்றாள். "உங்களுக்குத் தெரியுந்தானே?"

நான் இளங்கீரனை ஒருநாளும் கண்டதில்லை.

"ஓம் கலா" என்றேன். "எனக்குத் தெரியும்."