மஞ்சள் கறை பட்ட வாக்குமூலம்

மிருகங்களை வதைக்கிறவர்களைக் கோர்ட்டில் நிறுத்துவதுதான் என் வேலை என்று சொன்னால், கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு "அதுக்கும் ஆள் எடுக்கிறாங்களோ?" என்பார்கள். எடுத்தார்கள். மொன்றியலில் மிருகவதைத் தடுப்புச் சங்கம் ஒன்றில் மூன்று வருடம் விசாரணை உத்தியோகத்தனாக இருந்தேன். புகார் வந்தால் போய்ப் பார்ப்பேன், படம் எடுப்பேன், சாட்சி சொல்வதை எழுதுவேன், கடைசியில் எல்லாவற்றையும் அரச சட்டத்தரணியிடம் கொண்டுபோய் வழக்குப் போடச் சொல்லிக் கெஞ்சுவேன். பஸ் ஓட்டுகிறவர்கள், வங்கிக் கவுண்டரில் நிற்கிறவர்கள், பள்ளிக்கூட வாத்திமார் என்று பொதுசனத்தோடு மல்லுக்கட்டிச் சீவிக்கிற எல்லோரும் கிட்ட வந்து உட்காருங்கள், சேர்ந்து அழலாம்.

விசாரணைப் பகுதி

எனக்கு நாய் என்றால் பயம். சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் கடி வாங்கி, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டவன். நேர்முகத் தேர்வில் மிருகங்களைப் பிடிக்குமா என்று கேட்டார்கள். அவற்றுக்கு ஒரு கெடுதலும் வரக்கூடாது என்று நினைக்கிறவன் நான் என்றேன். தூரத்தில் நின்று நினைக்கிறவன் என்பதைச் சொல்லவில்லை. வேலை கிடைத்துவிட்டது.

என் மனைவிக்கு நாய், பூனை என்று வெளியே சொல்ல வெட்கம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது "அவர் விசாரணைப் பகுதியிலை" என்று மட்டும் சொல்லிவைத்தாள். சனம் அதைக் குடிவரவு விசாரணை என்று எடுத்துக்கொண்டது. அடுத்த ஞாயிறு ஒருவர் தன் அகதிக் கோரிக்கைக் கடிதங்கள் முழுவதையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வந்து என் மடியில் வைத்தார். நான் உண்மையைச் சொன்னேன். அவர் பையைத் திரும்ப வாங்கி இறுக்கி முடிச்சுப் போட்டார்.

"நாய்க்கெல்லாம் உடன கேஸ் எடுக்கிறாங்கள், அண்ணை. என்ர கேஸ் நாலு வருசமாய்க் கிடக்குது. நானும் ஒருக்கால் குரைச்சுப் பாக்கட்டோ?"

ஜூலை முதலாம் திகதிப் பூனை

ஜூலை முதலாம் திகதி இந்த ஊரில் பாதிப் பேர் வீடு மாறுவார்கள். சோபாவை ஏற்றுவார்கள், குளிர்சாதனப் பெட்டியை ஏற்றுவார்கள், பூனையை விட்டுவிட்டுப் போவார்கள். கார்ட்டியர்வில்லில் புதிதாக வீடு எடுத்த சென்னைப் பொடியன் ஒருவன், கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவன், போன் பண்ணினான். போய்ப் பார்த்தால் வீட்டின் நடுவில் ஒரு செம்மஞ்சள் பூனை சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. பொடியன் தன் சூட்கேஸோடு வாசலில் நிற்கிறான்.

பூனையை விட்டுப்போனவருக்கு அபராதச் சீட்டு எழுதி அனுப்பினேன். அவர்தான் வீடு மாறிவிட்டாரே, சீட்டு அந்தப் பொடியனுக்கே வந்து சேர்ந்தது. எங்கள் கேஸ்களில் முக்கால்வாசி இப்படித்தான் முடியும். மறியலுக்கு, அதாவது சிறைக்கு, அனுப்புகிற கேஸ் என்பது வேறு சாதி. வேண்டுமென்றே வதைத்தார் என்று காட்டவேண்டும், கண்ணால் கண்ட சாட்சி வேண்டும். முன்பெல்லாம் அதற்கும் அதிகம் போனால் ஆறு மாதம்தான். சட்டம் அப்போதுதான் மாறி, ஐந்து வருடம் வரை போடலாம் என்று வந்திருந்தது. அப்படி ஒரு கேஸாவது வென்றுவிட்டுத்தான் வேலையை விடுவேன் என்று நான் சபதம் போட்டிருந்தேன். பொடியனுக்கு அதெல்லாம் கவலையில்லை.

"சார், ஃப்ரிட்ஜ், ஸ்டவ் எல்லாம் இருக்குன்னு லீஸ்ல போட்டிருந்தாங்க. பூனைய மட்டும் போடல. இப்ப அது என்னைப் பாத்து, நீ எப்பக் கிளம்புவேங்குது சார்."

கருவாட்டுக்கு ஒரு இலக்கம்

செத்த மிருகங்களை மிருகவைத்தியர் அறுத்துப் பார்க்கும்வரை வைத்திருக்க எங்களிடம் ஒரு உறைபெட்டி இருந்தது. அதில் போகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கம், ஒரு சீல், ஒரு கையெழுத்து. ஒருநாள் சாப்பாட்டு அறைக் குளிர்சாதனப் பெட்டி பழுது. சிநேகிதன் ஒருவனுக்குக் கொடுக்கச் சொல்லி மனைவி தந்துவிட்ட கருவாட்டுப் பார்சல் என் கையில். ஒரு மணித்தியாலம்தானே என்று அதை அந்த உறைபெட்டிக்குள் வைத்தேன். என்னோடு வேலை செய்த மார்க் மகா ஒழுங்கான ஆள். இலக்கம் இல்லாத பார்சலைக் கண்டதும் இலக்கம் போட்டு, சீல் வைத்து, மற்றதுகளோடு சேர்த்து அனுப்பிவிட்டான்.

இரண்டு நாள் கழித்து வைத்தியர் பதற்றத்தோடு போன் எடுத்தார். இறந்து பல மாதமாம், தலையை யாரோ வெட்டியிருக்கிறார்களாம், உடம்பெல்லாம் உப்பாம், யார் இந்தக் கொடூரன் என்று கேட்டார். நான் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். எங்கள் மேலதிகாரி கத்தவில்லை. கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"இனிமேல் உன் சாப்பாடும் உன் சாட்சியமும் ஒரே இடத்தில் இருக்கக்கூடாது. அவ்வளவுதான் நான் உன்னிடம் கேட்பது."

முதல்ல சாப்பிடுங்கோ

அந்தப் பனிக்காலம் லாசாலில் இருந்து ஒரு புகார். ஒரு மூன்று மாடி வீடு. கீழ்த் தட்டில் வீட்டுச் சொந்தக்காரர், இரண்டாம் மாடியில் வாடகைக்கு பிலோமினா அக்கா. மன்னார்க்காரி, புருசன் இல்லை, சென்ட் லோரன்டில் மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிற வேலை. பின்வளவில் சொந்தக்காரரின் நாய். அவர் வைத்த பெயர் ஃபிலூ, அக்கா வைத்த பெயர் மணி. நாய் இரண்டுக்கும் வாலாட்டும். அது எப்படியோ சங்கிலியைக் கழற்றிக்கொண்டு பின்படிக்கட்டால் ஏறி அக்காவின் வாசலுக்கு வந்ததற்காக, மனிதர் பனி அள்ளும் சவளால் அதை அடித்துப் பின்னங்கால் ஒன்றை நொறுக்கிவிட்டார். காலை எடுக்கவேண்டியதாயிற்று. நாயை நாங்கள் கைப்பற்றி வைத்திருந்தோம். ஆனால் கேஸ் தோற்றால், சட்டப்படி அது சொந்தக்காரரிடம்தான் திரும்பிப் போகும். கண்ணால் கண்ட ஒரே ஆள் பிலோமினா அக்கா. அவர் வாய் திறந்தால் இருக்கிற வீடு போகும், திறக்காவிட்டால் நாய் போகும்.

நான் போனபோது மேசையில் புட்டும் மீன் குழம்பும் இருந்தன. மேலதிகாரியின் முகத்தை நினைத்து, வேண்டாம் என்று மூன்று தரம் சொன்னேன். அக்கா "முதல்ல சாப்பிடுங்கோ" என்றதோடு சரி, முகத்தைத் திருப்பிக்கொண்டு கோப்பை கழுவத் தொடங்கிவிட்டார். நம் ஆட்களின் வீட்டில் வாக்குமூலம் எடுத்தவர்களுக்குத் தெரியும், சாப்பிடாத ஆளிடம் யாரும் மனசைத் திறக்கமாட்டார்கள். உட்கார்ந்தேன். இரண்டாவது வாய் வைக்கும்போது அக்கா திடீரென்று சொல்லத் தொடங்கினார். எத்தனை அடி, எந்தப் படியில், நாய் எப்படிக் கத்தியது என்று எல்லாம் வந்தது. கை கழுவ எழும்பினால் நிறுத்திவிடுவார் என்று பயம். எனக்குச் சாப்பிடுகிற கையும் எழுதுகிற கையும் ஒன்றுதான். விரலைச் சூப்பிவிட்டு எழுதினேன். மூன்றாம் பக்கத்தில் பெருவிரல் அளவுக்கு ஒரு மஞ்சள் கறை விழுந்தது. அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு அழுதார்.

"நான் சோறு வைக்காட்டில் அது படியேறி வந்திராது, தம்பி. பிழை விட்டது நான், அடி விழுந்தது அதுக்கு."

சட்டத்தரணியின் மூக்கு

அரச சட்டத்தரணி மதாம் லூசி முதல் இரண்டு பக்கத்தை வாசித்தார். மூன்றாம் பக்கத்தை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். திரும்ப எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். கையெழுத்துப் போட்ட வாக்குமூலத்தைத் திரும்ப எழுதினால் அடுத்த கேஸ் என் மேல்தான் என்றார். எதிர்த் தரப்பும் இதைப் பார்க்கும். ஒரே நாட்டு ஆட்கள், ஒரே பாஷை, ஒரே சாப்பாட்டு மேசை. இரண்டு பேரும் சேர்ந்து சோடித்த கதை என்று சொல்ல ஒரு குழந்தைக்கும் முடியும்.

அபராதத்தோடு முடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் நாயின் படங்களை ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினார். கடைசிப் படத்தில் அது மூன்று காலில் நின்று கமராவுக்கு வாலாட்டிக்கொண்டிருந்தது. பேனையை எடுத்து, மறியலுக்குப் போகிற வழக்காகவே போட்டார்.

"இந்த நாய் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போனால், நீ என் கண்ணில் படாதே. பட்டால் அந்தக் குழம்போடு வா."

மூன்று தரம்

கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் முதலில் நான் ஏறினேன். எதிர்த் தரப்புச் சட்டத்தரணி உயரமான ஆள், நல்ல சப்பாத்து. மூன்றாம் பக்கத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தூக்கிப் பிடித்தார். இது என்ன? கறை. என்ன கறை? மீன் குழம்பு. யாருடைய வீட்டு மீன் குழம்பு? சாட்சியின் வீட்டு மீன் குழம்பு. எத்தனை தரம் போட்டுச் சாப்பிட்டீர்? உண்மை சொல்வேன் என்று அப்போதுதான் சத்தியம் பண்ணியிருந்தேன். மூன்று தரம் என்றேன். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மதாம் லூசி என்னைப் பார்க்கவே இல்லை. சொந்தக்காரர் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார். எனக்கு மணி மூன்று காலால் அந்தப் பின்வளவுக்குள் போவது கண்ணுக்குள் தெரிந்தது. வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

இறங்கி வந்து உட்கார்ந்ததும் மார்க் என் காதில் சொன்னான்.

"கருவாடு பரவாயில்லை. அதுவாவது கோர்ட் வரைக்கும் வரவில்லை."

பிலோமினா அக்காவின் மேசை

அக்கா கோயிலுக்கு உடுக்கிற சேலையோடு, அதற்கு மேல் பனிக்கோட்டோடு வந்து ஏறினார். கண்டதை எல்லாம் அடி பிசகாமல் சொன்னார். பிறகு அந்தச் சட்டத்தரணி எழும்பி, இந்த அதிகாரிக்கு ஏன் விருந்து வைத்தீர்கள் என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார். அக்காவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. வீட்டுக்கு வந்த மனுசன், சாப்பாட்டு நேரம், வேறு என்ன செய்வது என்று திருப்பிக் கேட்டார். சட்டத்தரணி விடவில்லை. உங்கள் ஊர் ஆள் என்பதால்தானே சாப்பாடு கொடுத்தீர்கள், அவர் சொன்னபடிதானே கதை சொல்கிறீர்கள் என்றார்.

அக்கா முதல்முறையாகச் சொந்தக்காரரைப் பார்த்தார். பார்வையில் கோபம் இல்லை. நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, வந்த விருந்தாளியைப் பார்க்கிற பார்வைதான். பிறகு நீதிபதியின் பக்கம் திரும்பினார்.

"ஐயா, இந்தத் தம்பி என்ர வீட்டை ஒரு நாள்தான் சாப்பிட்டவர். அந்தா இருக்கிறாரே, அவர் ஏழு நத்தாருக்கு அதே மேசையிலை இருந்து சாப்பிட்டவர். சாப்பாடு குடுத்த ஆளுக்காகப் பொய் சொல்லுறவள் எண்டால், நான் அவருக்கெல்லோ சொல்லியிருக்கவேணும்?"

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்ததும் அந்த உயரமான ஆள் பிளாஸ்டிக் உறையைக் கீழே வைத்தார். சொந்தக்காரர் தலையைக் குனிந்துகொண்டார், அவரும் மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டிருப்பார்போல. தீர்ப்பு, குற்றவாளி. சில மாதம் மறியலும், இனி மிருகம் வளர்க்கக்கூடாது என்ற தடையும். அக்கா அடுத்த ஜூலையில் கார்ட்டியர்வில்லுக்கு வீடு மாறினார், குளிர்சாதனப் பெட்டியை விட்டாலும் மணியை விடவில்லை. நான் போனால் மணி மூன்று காலில் ஓடிவந்து குரைக்கும், நான் இரண்டு காலில் கதிரைக்கு மேல் ஏறுவேன், அக்கா அடுப்படியிலிருந்து சத்தம் போடுவார்.

"மணி, பேசாமல் இரு! அந்த மாமா சாப்பிடத்தான் வந்தவர்."

மூன்று வருடம் சாப்பாட்டையும் சாட்சியத்தையும் பிரித்துவைக்கத் தலைகீழாக நின்ற நான் வென்ற ஒரே பெரிய கேஸ், இரண்டையும் ஒரே மேசையில் வைத்து எழுதிய கேஸ்தான்.