பெரியம்மாவின் காருக்கு நான் கார்புரேட்டர் பூட்டியது

அந்த வயர்க் கட்டு என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடிப்பு. முப்பது வருட எஞ்சின் சூட்டில் அதன் கறுப்பு டேப் தோல்போல இறுகிப்போயிருந்தது. வயர் வெட்டும் குறட்டை வைத்து அழுத்தினேன். முதல் அழுத்தில் போகவில்லை, இரண்டாவதிலும் இல்லை, மூன்றாவதில் போனது. கொட்டாஞ்சேனை கராஜில் பக்கத்தில் நின்ற மெக்கானிக் பாஸ் ‘ச்சு’ என்றார். பிறகு அந்தப் பக்கம் திரும்பி வேறொரு காரின் பொனட்டைத் திறந்துகொண்டார். எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. கார்களைப் பற்றி இணையத்தில் இருந்ததையெல்லாம் வாசித்து முடித்துவிட்டேன் என்ற எண்ணத்தில் இருந்தேன்.

கார் என்னுடையதல்ல, பெரியம்மாவுடையது. அம்மாவின் அக்கா, கல்யாணம் செய்யாமல் பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளாட்டுக்கு நேர் மேலே இருந்தார். எண்பதுகளின் கடைசியில் வந்த ஜப்பான் கார் அது. ஓட்டோ கியர், பெற்றோல் இன்ஜெக்‌ஷன். எங்கள் ஒழுங்கையில் மற்றவர்கள் கார்புரேட்டர் கார்களைக் கிளப்பக் காலையில் சோக்கை இழுத்துக்கொண்டு நின்ற காலத்தில், பெரியம்மா சாவியை ஒரு தடவை திருப்பிவிட்டுப் போய்விடுவாராம். அம்மா இன்றைக்கும் கொஞ்சம் பொறாமையோடுதான் அதைச் சொல்வார்.

சிறுநீரகங்கள் கைவிட்ட பிறகு திங்களும் வியாழனும் டயாலிசிஸ் என்றாகியது. எதைச் சாப்பிடுவது என்று டொக்டர் முடிவு செய்தார். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் என்று நேர்ஸ் முடிவு செய்தார். யார் வந்து பார்க்கலாம், யார் வரக்கூடாது என்பதை அம்மா முடிவு செய்தார். பெரியம்மாவிடம் மிஞ்சியது அந்தக் கார்தான். ஊசி ஏற்றும் இடது கைக்குப் பாரம் கொடுக்கக்கூடாது, பாதங்கள் வீங்கி உணர்வு குறைந்திருந்தது. ஆனாலும் ஓட்டோ கியரில் ஒரு காலை மட்டும் கவனமாக நகர்த்தி ஆஸ்பத்திரிவரை அவரே ஓட்டிப் போவார். நான் பக்கத்தில் இருப்பேன். முடிந்து களைத்து வரும்போது நான் ஓட்டுவேன். “போகேக்க நான் ட்ரைவர். திரும்பி வரேக்கதான் நோயாளி,” என்று வாசலில் நிற்கும் காவல்காரருக்கும் சொல்லி வைத்திருந்தார்.

ஒரு வியாழக்கிழமை கார் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றியது, பற்றவில்லை. அன்று த்ரீவீலில் போனோம். குழியில் விழுந்தபோதெல்லாம் பெரியம்மா பிடிக்கக்கூடாத கையால் கம்பியைப் பிடித்தார். வீட்டுக்கு வந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. காரைக் கட்டியிழுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

தீப்பொறி வருகிறது, பெற்றோல் வரவில்லை. ஆகவே இன்ஜெக்‌ஷனை ஆளும் கம்ப்யூட்டர் பெட்டி செத்துவிட்டது என்று அரை மணித்தியாலத்தில் தீர்ப்புச் சொன்னேன். வெளிநாட்டிலிருந்து உதிரிப்பாகம் எதுவும் இறங்காத காலம் அது. பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையிலும் அந்தப் பெட்டி இல்லை.

பாஸ் தலையாட்டவில்லை. “பெட்டி செத்த மாதிரி எனக்கு வெளங்கல்ல தம்பி. கனெக்‌ஷன் ஒவ்வொண்டா பாப்போம். ஒரு கிழம, ஏழு நாள் தாங்க.”

“ஒரு கிழமை இல்லை பாஸ். அவ த்ரீவீல்ல போறா.”

“அப்ப பெட்டி தேவப்படாத கார்புரேட்டர் போடுவோம். ஆனா இன்ஜெக்‌ஷன் வயர வெட்டாதீங்க. சுருட்டி ஒரு மூலைல கட்டி வைங்க. நாளைக்கு மனசு மாறினா என்ன செய்ற?”

நான் வெட்டினேன். காரணத்தை எழுதக் கூசுகிறது. பழைய கார்ப் பிரியர்களின் இணையக் குழு ஒன்றில் இருந்தேன். பொனட்டுக்குள் ஒரு வயர்கூட மிச்சமில்லாத படத்தை அங்கே போட்டால் எத்தனை பேர் புகழ்வார்கள் என்று யோசித்தேன். புகழவும் செய்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமைக்குள் கார்புரேட்டர் ஏறிவிட்டது. அதைப் பொருத்தும் தகட்டை லேத்தில் கடையச் செய்தோம், சின்ன பெற்றோல் பம்ப் பூட்டினோம். முதல் திருப்பிலேயே எஞ்சின் பற்றியபோது நான் துள்ளினேன். பாஸ் மட்டும் “D கியர்ல போட்டுக் கொஞ்சம் நிப்பாட்டிப் பாருங்களே,” என்றார். போட்டேன், எஞ்சின் தணிந்தது, திணறியது, அணையவில்லை. போதும் என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பெரியம்மா அன்று இஸ்திரி போட்ட சேலை கட்டியிருந்தார். வெள்ளவத்தைச் சந்தியில் சிவப்பு விழுந்தது. பிரேக்கை மிதித்தார். எஞ்சின் அணைந்தது. கியரை மாற்றி மறுபடி கிளப்பினார். D-க்குக் கொண்டுவந்ததும் மறுபடி அணைந்தது. பச்சை விழுந்து, திரும்பச் சிவப்பாகியது. நான் பதறிக்கொண்டு, “ஒரு காலால பிரேக்கை மிதியுங்கோ, மற்றக் காலால கொஞ்சம் கொஞ்சமா ஆக்சிலேட்டரைக் குடுங்கோ,” என்றேன். அவர் குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார்.

“எந்தக் கால் எதில இருக்கெண்டு எனக்குத் தெரியேல்லையடா.”

பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தபடி நின்றது. த்ரீவீல்காரர் ஒருவர் தலையை நீட்டி, “நோனா, அயின் கரன்ன!” என்று சிங்களத்தில் காரை ஓரமாக்கச் சொல்லிக் கத்தினார். பெரியம்மா கதவைத் திறந்தார். காலி வீதியின் நடுவில் இறங்கி, பொனட்டை ஒரு கையால் பிடித்துப் பிடித்து, காரைச் சுற்றி மற்றப் பக்கம் வந்தார். நான் இருந்த முன் கதவை அவர் திறக்கவில்லை. பின் கதவைத் திறந்து, வாடகைக் காரில் ஏறுகிறவர்போல ஏறி இருந்தார். “ஓட்டு,” என்றார்.

இரண்டு கிழமைக்குப் பிறகு, கழற்றி வைத்த சாமான்களைத் துடைக்கும்போது பழைய பெற்றோல் பம்புக்கு மின்சாரம் கொடுக்கும் சின்ன ரிலே ஒன்று கையில் அகப்பட்டது. மூடியைத் திறந்து பூதக்கண்ணாடியால் பார்த்தேன். ஈயம் வைத்த ஒரு புள்ளியைச் சுற்றி மயிர்போல ஒரு வெடிப்பு. சூட்டுக்கோலைத் தொட்டு எடுத்தேன். ரிலே ‘டிக்’ என்று வேலை செய்தது. பெற்றோலை நிறுத்தியது அந்த வெடிப்புத்தான், கம்ப்யூட்டர் பெட்டி சாகவே இல்லை. இன்ஜெக்‌ஷனுக்குத் திரும்பத் தேவையான வயர்க் கட்டோ அதற்குள் குப்பை வண்டியில் போயிருந்தது.

சொல்லாமல் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. வியாழக்கிழமை, மெஷின் சுற்றிக்கொண்டிருக்கையில், அவர் கட்டிலருகே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பெரியம்மா குழாயில் போகும் தன் இரத்தத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“வெட்ட முதல் என்னட்ட ஒருக்காக் கேட்டிருக்கலாமே.”

“நீங்கள் த்ரீவீல்ல கஷ்டப்பட்டனீங்கள் பெரியம்மா. அதுதான் அவசரப்பட்டனான்.”

“ஒரு கிழமை பொறுப்பம் எண்டிருப்பன். நான் பொறுக்கமாட்டன் எண்டு உனக்கு ஆர் சொன்னது?”

டொக்டர், நேர்ஸ், அம்மா. அந்த வரிசையில் நானும் போய் நின்றிருந்தேன். அதுவும் அவருடைய சொந்தக் காரின் விஷயத்தில். அதன் பிறகு தினமும் வேலை முடிந்து வந்து கார்புரேட்டரோடு மல்லுக்கட்டினேன். பெற்றோலை அளந்து விடும் ஜெட்டை மாற்றினேன், தகட்டைத் திரும்பக் கடைந்தேன், பாஸின் கையைக் காலைப் பிடித்தேன். “ஆறுதலா, அவசரப்படாம செய்ங்க தம்பி,” என்றார் அவர். எனக்கு ஆறுதல் இருக்கவில்லை. ஒவ்வொரு திங்களும் ஒவ்வொரு வியாழனும் “இண்டைக்கு ஓட்டிப் பாருங்கோவன்,” என்று சாவியை நீட்டினேன். ஒவ்வொரு முறையும் பெரியம்மா பின் கதவையே திறந்தார்.

கார் இப்போது என்னிடம் இருக்கிறது. வெள்ளவத்தைச் சந்தியில் சிவப்பு விழுந்தால் D-யிலேயே நிற்கிறது, அணைவதில்லை. ஒரு கால் போதும். அந்த நிலைக்குக் கொண்டுவர எனக்கு ஏழு மாதம் பிடித்தது. பெரியம்மா நாலாம் மாதமே போய்விட்டார்.