தலைவர் தந்த இரண்டு காட்டுக்கோழிகள்

ஜேர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் ஒரு வாடகைத் தோட்டத்துண்டுக்காக நான்கு வருடம் காத்திருந்தேன். கத்தரியும் பச்சைமிளகாயும் போடுகிற ஆசை. அடுத்த துண்டு யாருக்கென்று தீர்மானிக்கும் கிழமையில், தோட்டச் சங்கத் தலைவர் எங்கள் வீட்டு மணியை அடித்தார். அவர் வேட்டைக்காரர். கையில் நீளவால் காட்டுக்கோழிகள் இரண்டு, இறகோடு.

"இரண்டு நாள் குளிரில் தொங்கவிட்டு, இறகைக் கையால் பிடுங்குங்கள். சனிக்கிழமை வந்து பார்க்கிறேன்" என்று சிரித்தார்.

நான்கு வருடமாகச் சிரிக்காத மனிதர். எதை வந்து பார்க்கப் போகிறார்?

மனைவி கோழிகளை முகர்ந்து பார்த்தாள். "சுட்டதோ, காரில அடிபட்டதோ?"

"சுட்டதுதான். நாங்கள் துப்பரவான ஆக்களோ எண்டு சோதினை வைக்கிறார்."

"உங்களுக்கு உரிக்கத் தெரியுமோ?"

"ஓம், மன்னாரில எத்தினை உரிச்சனான்."

மொத்தம் மூன்று. உரித்தது அண்ணன், நான் காலைப் பிடித்தேன்.

குடலோடு இரண்டு நாள் தொங்கவிடச் சொன்னதிலும் எனக்குச் சந்தேகம். வயிற்றோட்டத்தில் என்னைப் படுக்கவைத்துவிட்டுத் துண்டை வேறு ஆளுக்குக் கொடுக்கும் திட்டமோ? அன்றே வாளியில் கொதிநீர் ஊற்றி, ஊர்க்கோழியைப் போல முதலாவதை முக்கினேன். இறகைப் பிடித்து இழுக்க, தோலும் சட்டை மாதிரிக் கழன்று வந்தது. இரண்டாவதை ஒரு நொடிதான் முக்கினேன். தோல் பாதி தப்பியது. ஒட்டியிருந்த பூமயிரை வாட்ட நெருப்பு வேண்டும். எங்களுடையதோ மின்சார அடுப்பு. மாதா படத்தடியில் இருந்த மெழுகுதிரியை எடுத்தேன்.

"இஞ்சாருங்கோ, அது மந்திரிச்ச திரி."

"கோழியும் மோட்சத்துக்குப் போகட்டுமன்."

மேலே புகை எச்சரிக்கைப் பெட்டி அலறியது. அதற்கும் என்மேல் நம்பிக்கையில்லை.

பிறகு மஞ்சள் பூசிக் கழுவி, இறைச்சிக்குள் விரலை விட்டு ஈயக்குண்டுகளைத் தேடினேன். ஐந்து கிடைத்தன. ஆறாவது எங்கேயோ தலைவரின் பல்லுக்காகக் காத்திருக்கிறது என்றே தோன்றியது.

சனிக்கிழமை வந்தவர் முதலில் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "தோல் எங்கே?"

தோட்டம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். "எங்கள் வழக்கம் இப்படித்தான்" என்று புளுகினேன்.

"உரிக்க எவ்வளவு நேரம் எடுத்தது?"

"பத்து நிமிடம்."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "நான் ஒன்றுக்கே ஒரு மணித்தியாலம் பிடுங்குகிறேன். வீடெல்லாம் இறகு என்று மனைவி உள்ளே எடுக்க விடுவதில்லை. அதனால்தான் உங்களிடம் கொண்டுவந்தேன்."

அவ்வளவுதானாம் சோதனை. மூக்கைத் துடைத்துத் துடைத்து இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டார்.

அடுத்த கிழமை மறுபடி மணி அடித்தது. தலைவரின் ஒரு கையில் தோட்டத்துப் பூட்டின் திறப்பு, மற்றக் கையில் ஆறு கோழிகள். இரண்டையும் ஒன்றாக நீட்டிக்கொண்டு சிரித்தார்.

என் முதுகுக்குப் பின்னாலிருந்து மனைவி மெல்லச் சொன்னாள்: "முதல் திறப்பை வாங்குங்கோ."