சாச்சி கொண்டுவந்த டியூப்

மகளுடைய காலை மோட்டார் சைக்கிள் சைலன்சர் சுட்டுவிட்டது. குழாய்த் தண்ணீரில் காலைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, கல்முனை பிரதான வீதியில் உள்ள ஒரு பாமசிக்கு ஓடினேன். எரிகாயத்துக்குப் போடும் அந்த வெள்ளைக் கிறீமைக் கேட்டேன்.

"அது இப்ப வாறல்ல சேர்."

கடைக்காரருக்குப் பின்னால் தரையிலிருந்து கூரை வரைக்கும் கிறீம்தான். முகத்தை வெளுக்க வைக்க, கழுத்தை வெளுக்க வைக்க, முழங்கையை வெளுக்க வைக்க. வெந்த தோலுக்கு மட்டும் ஒன்றுமில்லை. என் முகத்தைப் பார்த்து இரங்கினாரோ என்னவோ, ஒரு டியூபை எடுத்து மூடியைத் திறந்து நீட்டினார். "இதப் போட்டுப் பாருங்க. துபாய்ச் சாமான்." டியூப் முழுக்க அரபு எழுத்து. தைலமும் கற்பூரமும் கலந்த வாசம் மூக்கில் குத்தியது.

கடைக்குள்ளேயே கத்திவிட்டேன். கோபம் வந்தால் எனக்கு நாக்குத் திக்கும். கவிதை எழுதுகிறவன் என்று ஊரில் ஒரு பெயர் வேறு. சண்டை என்று வந்தால் ஒரு வாக்கியம் முழுதாக வராது. "இது, இத, வெந்த புண்ணுல..." அவ்வளவுதான். மகளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போனேன். ஆனால் அந்த வாசம் சட்டையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தது.

அது எங்கள் வீட்டில் ஒரு நோன்புப் பெருநாளுக்கு முதல்நாள் வீசிய வாசம்.

உங்கள் வீட்டிலும் அன்றைக்குக் கொக்கிஸ் சுட்டிருப்பார்கள். பூப்போன்ற அச்சை மாவில் தோய்த்து, கொதிக்கும் தேங்காயெண்ணெயில் இறக்கி உதற வேண்டும். எனக்கு மூத்தவள், ராத்தா, உதறிய உதறலில் அடுப்பிலிருந்த எண்ணெய்த் தாச்சி சரிந்தது. இடது முன்கை முழுக்க எண்ணெய். அவளுடைய சத்தத்துக்கு முதலில் வந்தது அடுத்த வீட்டார், அவர்களுக்குப் பின்னால் அவர்களுடைய மருந்துகள். ஒருத்தி பல் பேஸ்ட்டைப் பிதுக்கினாள். இன்னொருத்தி கோப்பித்தூளைத் தூவினாள். முட்டையோடு ஒருத்தி வாசலில் நின்றாள். பெருநாள் பலகாரத்துக்கு மாவு சேர்ப்பதைப் போல என் ராத்தாவின் கையில் ஆளுக்கொன்றைச் சேர்த்தார்கள். பச்சைத் தண்ணீர் ஊற்ற ஒரு ஆள் இல்லை.

அப்போதுதான் சாச்சி வந்தார். உம்மாவின் தங்கை. அரபு நாட்டில் வீட்டுவேலை செய்துகொண்டிருந்தவர், பெருநாளுக்கு லீவில் வந்திருந்தார். கையில் ஒரு டியூப்.

"இதப் பூசுங்க. எனக்குச் சுட்டநேரம் மேடம் தந்த மருந்து."

சட்டைக் கையை மேலே தள்ளிக் காட்டினார். முழங்கைக்குக் கீழே கறுத்த முக்கோணம், அயன்பெட்டியின் மூக்கு அப்படியே பதிந்தது போல.

வாப்பா டியூபை வாங்கினார். தெருவில் அரபு எழுத்துள்ள ஒரு துண்டுத்தாள் கிடந்தால் எடுத்து முத்தமிட்டு உயரத்தில் வைக்கிற ஊர் எங்களுடையது. பேச்சு முற்றுமுன்பே ஓதப் பழகிவிடுவோம், ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாமல். வாப்பா பிஸ்மி சொல்லி, டியூபில் இருந்ததை எழுத்துக்கூட்டி, இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி ஓதினார். சுற்றி நின்றவர்கள் தலையில் முக்காட்டைச் சரிசெய்தார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. பூசினார்கள்.

ராத்தா துள்ளினாள். "எரியிது உம்மா! தீ வெச்ச மாதிரி எரியிது!"

"மருந்து வேல செய்யிது புள்ள, பொறு." இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த ஒரு வசனத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. எத்தனை வாய்களை அது அடைத்திருக்கிறது இந்த ஊரில்!

பிறகு அவள் கண் சொருகியதும் பயந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கினோம். டொக்டர் இளம் ஆள், காரைதீவுப் பக்கம். கையை மோந்து பார்த்தார். டியூபைத் திருப்பி, அடியில் பொடி எழுத்தில் கிடந்த ஆங்கிலத்தை வாசித்தார்.

"இது முழங்கால் வலிக்குத் தேய்க்கிற மருந்து. சூடேத்துறது. ஆரு இதப் போட்ட?"

எல்லோரும் சாச்சியைப் பார்த்தார்கள். சாச்சி டியூபைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் புண் காயுமட்டும் இதத்தான் பூசின," என்றார் மெதுவாக. "கத்தினா மேடம் ஏசும். மருந்தெண்டா எரியும்தானேண்டு இரிந்த."

டொக்டர் அவருடைய கையைப் பிடித்துத் தழும்பைப் பார்த்தார். "இது எப்பிடிப் பட்ட?"

"வேலையில படுறதுதானே டொக்டர்." சொன்னது சாச்சியல்ல, சாச்சா. அவருடைய கணவர்.

நேர்ஸ் மிஸி ராத்தாவின் கையைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவி, வெள்ளைக் கிறீமை வெண்ணெய்போலத் தடிப்பாக அப்பினார். ராத்தாவின் அழுகை விம்மலாகி நின்றது. சாச்சி ஒரு விரலால் அந்தக் கிறீமைத் தொட்டார். "இது குளிருது," என்றார். விரலை எடுக்க மனமில்லாமல் அப்படியே நின்றார்.

அன்றைக்கே எல்லோருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. யாரும் விளங்காமல் இருக்கவில்லை. ஆனால் சாச்சியின் வீட்டுச் சுவர் எழும்பி, கூரையில்லாமல் நின்றது. உம்மா மட்டும் கேட்டார்: "அவள அந்த ஊட்டுக்கே திரும்ப அனுப்பப் போறீங்களா?"

"அப்ப கூரைக்கு ஓடு நீங்க போட்டுத் தாறீங்களா மதினி?" என்றார் சாச்சா.

வாப்பா தொண்டையைச் செருமினார். அவ்வளவு அழகாக ஓதிய வாய்.

பயண நாளில் சாச்சி பெட்டி அடுக்கினார். மிஸியிடம் கெஞ்சி வாங்கிய வெள்ளைக் கிறீமை ஒரு பாவாடைக்குள் சுருட்டி அடியில் வைத்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். வேலைக்குப் போகிறவளுக்கு எரிகாய மருந்து எதற்கு என்று ஒரு வாய் கேட்கவில்லை. "கவனமாப் பெய்த்து வாகா," என்றார்கள். கூரை வந்தது. பின்னொரு காலம் கடல் வந்து கூரையையும் சுவரையும் எடுத்துக்கொண்டது. சாச்சாவும் மௌத்தாகி மண்ணுக்குப் போனார். கொக்கிஸ் இப்போது பைக்கற்றில் வருகிறது. பெருநாளுக்கு முதல்நாள் யாரும் சுட்டுக்கொள்வதில்லை. ராத்தாவின் கையில் நிறம் கொஞ்சம் வெளிறியதைத் தவிர ஒன்றுமில்லை. நல்ல மருந்து நேரத்துக்குக் கிடைத்த கை அது.

சாச்சி போன வருடம் மௌத்தானார். மையித்தைக் குளிப்பாட்டியது ராத்தா. வெளியே வந்தவளிடம், சின்ன வயதிலிருந்து தொண்டையில் கிடந்ததைக் கேட்டேன்.

"கையில அந்தத் தழும்பு இன்னும் இரிந்ததா ராத்தா?"

"கையிலயா?" என்று என்னைப் பார்த்தாள். பிறகு முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். "கழுவின ஆக்கள் கண்டதக் கதைக்கப்படாது தம்பி."

சாச்சியைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கினோம். எனக்குப் பின்னால் யாரோ சொன்னார், "நல்ல மனிசி. ஒரு முறைப்பாடு செல்லி நாம கேட்டதில்ல."

இருந்த சாட்சி அந்த உடம்பு ஒன்றுதான். அதையும் நாங்களே தோள் கொடுத்துக் கொண்டுபோய், மணலால் மூடி, தண்ணீர் தெளித்துவிட்டு வந்தோம்.