அச்சடித்த கம்பளி

எங்கள் வீட்டுக்குக் கதவு எண் கிடையாது. தெருப் பெயரும் கிடையாது, ஏனென்றால் தெருவே கிடையாது. ஆனால் கைப்பேசியில் பொருள் வாங்கும்போது அந்த இரண்டு கட்டங்களையும் நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. மலேசியாவில், கிள்ளானில் ஏழாவது மாடியில் இருந்தபோது புளோக், மாடி, யூனிட் என்று எண்களாகவே தட்டிவிடுவேன். மறுநாள் பொட்டலம் கீழே காவலர் மேசையில் இருக்கும். கொல்லிமலைக்கு வந்து இரண்டு வருடமாகிறது. இன்னமும் கதவு எண்ணுக்குப் பூஜ்யம் போட்டு, தெரு என்ற இடத்தில் ‘செல்வி வீட்டுக்கு அடுத்த வீடு, வளப்பூர் நாடு’ என்று எழுதுகிறேன். செல்வி என் கணவரின் அக்கா. அவர் வீட்டுக்கும் எண் கிடையாது.

இந்தக் கார்த்திகையில் ஒரு நாள் அடிவாரத்திலிருந்து கூரியர்காரர் அழைத்தார்.

“ஏனுங்க, பக்கத்துல அடையாளம் ஏதாச்சும் சொல்லுங்க.”

“பெரிய பலாமரம் இருக்குங்க.”

“அங்க பலாமரம் இல்லாத ஊடு ஏதாச்சும் இருந்தா அதச் சொல்லுங்க, சுலபமாக் கண்டுபிடிச்சுரலாம்.”

எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. “குழந்தைக்குக் குளிர்க்கோட்டு அது. ரொம்ப அவசரம்” என்றேன். மேலே வண்டி வராது, பஸ்ஸில் போட்டு அனுப்புகிறேன் என்றார். எழுபது கொண்டை ஊசி வளைவில் பொட்டலம் எங்காவது விழுந்துவிட்டால்? கேட்டே விட்டேன். “கோழிக்குஞ்சே பத்திரமா வந்து சேருதுங்க, கோட்டுக்கு என்னங்க?” என்று வைத்துவிட்டார்.

அவசரத்தின் காரணத்தைச் சொல்ல வேண்டும். போன மார்கழியில் என் மகள் மகிழினிக்கு மூன்று வயது. ஒரு விடியற்காலையில் அவளுக்கு மூச்சு இளைக்கத் தொடங்கியது. கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மூக்கில் மூடி வைத்து மருந்துப் புகை கொடுக்கும்வரை, ஒவ்வொரு வளைவிலும் அவள் விலா எலும்பு உள்வாங்குவதையே பார்த்துக்கொண்டு வந்தேன். கிள்ளானில் இருக்கும் என் அம்மாவிடம் அதை மறைத்திருக்கலாம். சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவர் பேச்செல்லாம் ஒன்றுதான். “நீங்க அங்க இருங்க, வேணாம்னு சொல்லல. பிள்ளைய குளிர் முடியிற வரைக்கும் இங்க அனுப்பிடு லா.” இந்த வருடம் கெடுவே வைத்துவிட்டார். நல்ல தடித்த கோட்டு வாங்கிப் பிள்ளைக்குப் போட்டு வீடியோவில் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அவரே விமானம் ஏறி வந்து அழைத்துப் போவார். தை பிறந்து பனி விட்டபிறகுதான் திருப்பி அனுப்புவார். குளிர் என்றால் என் அம்மாவுக்குத் தெரிந்தது பேரங்காடியின் ஏர்கோன்தான். ஆனாலும் அவர் சொல்வது தவறு என்று அடித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. கிள்ளானில் மரச்சாமான் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, தன் அப்பா இறந்தபின் நிலத்தைப் பார்க்க இங்கே வந்தவர் என் கணவர். மிளகுக்கொடிக்கு எந்த மாதம் என்ன செய்யவேண்டும் என்று அவருக்குத் தெரியும். பிள்ளைக்கு எந்த மாதம் என்ன செய்யவேண்டும் என்று எனக்கு எந்த ஊரிலும் தெரிந்ததில்லை.

மூன்று நாள் தேடி எடுத்த கோட்டு அது. படத்தில் சிவப்புக் கம்பளி. கயிறுபோல முறுக்கிய பின்னல், மரப் பொத்தான்கள், இரண்டு பைகள். அதைப் போட்டிருந்த குழந்தையின் கன்னங்கள் வெயிலில் விளையாடியதுபோல இருந்தன. வாங்கியவர்கள் எழுதியதையெல்லாம் படித்தேன். ‘சூப்பர்’ என்று எழுதியிருந்தவர்களை நம்பினேன். எந்த ஊரில் இருந்துகொண்டு சூப்பர் என்றார்கள் என்று யோசிக்கவில்லை.

நான் அங்கன்வாடிக்குப் போயிருந்த நேரத்தில் பொட்டலம் வந்துவிட்டது. திரும்பி வந்தபோது செல்வியக்கா அதைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். இங்கே ஒரு வீட்டுக்குப் பொட்டலம் வந்தால் அது அந்த வீட்டுக்கு மட்டும் வந்ததல்ல.

“வா அம்மிணி. தொட்டுப் பாரு.”

தொட்டேன். பனியன் துணி. முறுக்கிய கம்பளிப் பின்னல் அதன்மேல் அச்சடிக்கப்பட்டிருந்தது. பைகளும் அச்சு. பொத்தான்களும் அச்சு, ஒவ்வொன்றுக்கும் கீழே சின்ன நிழல்கூட வரைந்திருந்தார்கள். தலைவழியாக மாட்டிக்கொள்ள வேண்டிய வெறும் சட்டை.

“படத்தப் பாத்து வாங்குன, படத்தையே அனுப்பிப் போட்டான். அவன் மேல தப்பே இல்ல” என்றார் செல்வியக்கா.

திருப்பி அனுப்ப முனைந்தேன். உங்கள் பகுதியிலிருந்து எடுத்துக்கொள்ளும் வசதி இல்லை என்று செயலி சொன்னது. பொருள் எப்படி மாறியிருக்கிறது, படம் அனுப்பவும் என்றது. படம் எடுத்தேன். பார்த்தபோது எனக்கே திகைப்பாக இருந்தது. என் கைப்பேசிப் படத்தில் அது தடித்த சிவப்புக் கம்பளியாகவே இருந்தது. விரலால் துணியைக் கிள்ளிப் பிடித்தும், விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தும் எடுத்துப் பார்த்தேன். ‘தாங்கள் அனுப்பிய படமும் எங்கள் படமும் ஒத்துப்போகின்றன’ என்று பதில் வந்தது. நாலு நாள் மன்றாடியபின், அடிவாரக் கூரியர் அலுவலகத்தில் கொண்டுவந்து காட்டினால் பரிசோதிப்போம் என்றார்கள்.

மகிழினியையும் தூக்கிக்கொண்டு இறங்கினேன். இருபதாவது வளைவில் ஒருமுறை, நாற்பத்தைந்தில் ஒருமுறை வாந்தி எடுத்தாள். அலுவலகத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட, என் சித்தப்பா வயதுள்ள ஒருவர் கோட்டை விரித்து, தடவிப் பார்த்து, “அடப்பாவிங்களா” என்றார். எனக்கு உயிர் வந்தது. பிறகு கீழ் ஓரத்தைத் திருப்பினார்.

“கறை இருக்குதுங்களே.”

“கறை இல்லை சார், மஞ்சள்.”

மூலையில் ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சள். பொட்டலத்தைப் பிரித்ததும் செல்வியக்கா வைத்தது. அதை நான் ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் கண்ணில் படவே இல்லை. கிள்ளானில் தீபாவளித் துணிக்கு என் அம்மாவும் இதே மூலையில் இதே அளவுக்கு வைத்துத்தான் தருவார். மஞ்சள் இல்லாத புதுத்துணியைத்தான் நான் கவனித்திருப்பேன்.

“எங்க ஊட்லயும் வெப்பாங்க” என்றார் அவர், திரையை என் பக்கம் திருப்பி. “ஆனா இதுல கறை உண்டா இல்லையான்னுதானுங்க கேக்குது. சாமிக்கு வெச்சதுன்னு சொல்றதுக்குக் கட்டம் இல்லீங்க.”

திரும்பும் பஸ்ஸில் செல்வியக்காவிடம் கேட்க வேண்டியதையெல்லாம் வரிசைப்படுத்தினேன். என் பெயருக்கு வந்ததை ஏன் பிரித்தீர்கள்? அது கம்பளியே அல்ல என்று தொட்டதும் தெரிந்ததே, பிறகும் எதற்கு மஞ்சள்? மேலே ஏற ஏறப் பனி இறங்கியது. வேறு வழியில்லாமல் அந்தக் கோட்டையே மகிழினிக்கு மாட்டி, என் சால்வையால் சுற்றினேன்.

பஸ் நிற்கும் இடத்தில் செல்வியக்கா காத்திருந்தார். “மாத்திக் குடுத்தானா?”

“நீங்க வெச்ச மஞ்சளைக் கறைன்னு சொல்லிட்டாங்கக்கா.” நினைத்ததைவிடக் கூர்மையாக வந்துவிட்டது.

அவர் முகம் ஒரு கணம் விழுந்தது. பிறகு, “போனது போவுது. மஞ்ச வெக்காத துணியப் புள்ளைக்குப் போட்டுருவியா நீயி?” என்றார். போடமாட்டேன். அதுதான் எரிச்சல். சண்டை போடக்கூட எனக்கு வேற்று ஊர்க்காரியாக இருக்கத் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவர் தன் மகனுக்குச் சின்னதாகிப்போன இரண்டு ஸ்வெட்டர்களோடு வந்தார். ஒன்று சாணி நிறம், முழங்கையில் ஒட்டு. மற்றொன்றின் நிறத்துக்குப் பெயர் கிடையாது. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டி, அதற்குமேல் சிவப்புக் கோட்டை இழுத்து விட்டார். மகிழினியால் கையை மடக்க முடியவில்லை. ஆனால் கழுத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தேன், கதகதப்பாக இருந்தது. இது போதுமா என்று எனக்கு இப்போதும் தெரியாது. மார்கழி இன்னும் வரவில்லை.

அன்று மாலையே அம்மா அழைத்தார். கோட்டைப் பார்த்ததும் திரையை நெருங்கி வந்தார். “நல்ல தடிப்பா இருக்கே. கம்பளியா? எவ்வளவு அழகாப் பின்னியிருக்கான் பாரு!”

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள், “மஞ்சள் வெச்சியா?” என்றார். மகிழினி ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். அம்மாவின் முகம் தளர்ந்தது. “சரி, இருக்கட்டும். இந்த வருசம் அங்கேயே இருக்கட்டும்.”

ஒரு வாரம் அந்தக் கடைக்காரனைத் திட்டிய வாயை அப்படியே மூடிக்கொண்டேன். இந்தப் பத்திரிகையை அம்மா கிள்ளானில் ஞாயிறுதோறும் வாங்குவார். இதைப் படிக்கும்போது மார்கழி முடிந்திருக்க வேண்டும் என்பதால் எழுதி வைத்துத் தாமதமாகத்தான் அனுப்பப் போகிறேன்.

மகிழினி அச்சடித்த பொத்தானை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். “அம்மாயி, இந்தப் பொத்தான் தொறக்கவே மாட்டேங்குது” என்று பாட்டியிடம் சொன்னாள்.

அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

“தொறக்காத கண்ணு,” என்றார் அம்மா. “குளிர் உள்ள போயிடும்.”

அவர் தலைக்குமேல் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் கதவிடுக்கு வழியே பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. நான் கைப்பேசியை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். தள்ளிப் பிடித்தால்தான் அது கம்பளியாகத் தெரியும்.